மூன்றாவது அருவியில் ஒரு பச்சைப் பட்டை

வழிகாட்டிகளாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேர்மீதும் எனக்குப் பொறாமை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் முழங்கால் இரண்டும் ஓய்வு கேட்டு மனுப் போட்டு, நானும் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து ஒரு வருடம் ஆகிறது. நீங்களோ வரும் சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, லிட்டில் இந்தியாவில் நம் அலுவலகத்துக்குக் கீழே பூக்கடைக்காரர் கூடைகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது, வேனில் கயிறுகளை ஏற்றுவீர்கள். உட்லண்ட்ஸ் பாலத்தில் நாட்டு எல்லையைத் தாண்டி இரண்டரை மணி நேரத்தில் காட்டுக்குள் இருப்பீர்கள். முதல் அருவியின் விளிம்பில் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்று, குதிகாலை ஓரத்தில் ஊன்றி, உடம்பை வெறும் காற்றில் சாய்ப்பீர்களே, அந்த ஒரு கணம்! பன்னிரண்டு வருடம் சாய்ந்தேன். ஒரு தடவைகூட அது எனக்குப் பழகிப்போகவில்லை.

முடிச்சுப் போடுவது, கயிறு சுருட்டுவது எல்லாம் வகுப்பில் சொல்லித் தந்துவிட்டார்கள். போன வாரம் நீங்கள் பயிற்சி செய்வதை வந்து பார்த்தேன். என்னைவிட நன்றாகவே போடுகிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். முதலாளியம்மா என்னிடம் கேட்டது வேறு. "நானா, நீங்க ஹீரோவா இருந்த கதையெல்லாம் நாங்க நெறைய கேட்டாச்சு. பயந்த கதை ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார். எங்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன், இங்கே எல்லோருக்கும் நான் அதுதான். அப்படியென்றால் மூன்றாவது அருவியைத்தான் எழுத வேண்டும். வேறு எங்கேயும் நான் அந்த அளவு பயந்ததில்லை.

கேன்யன் என்றால் என்ன என்று உங்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். என் அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். ஆறு பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய ஒரு சந்து என்று சொல்லுங்கள். இரண்டு பக்கமும் உயரமான சுவர். சில இடங்களில் கைகளை விரித்தால் இரண்டு சுவரையும் ஒரே நேரத்தில் தொடலாம். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு ரிப்பன் அகலம்தான் தெரியும். அந்தச் சந்துக்குள் ஆறு படிப்படியாக விழுந்துகொண்டு போகிறது, நாமும் அதோடு கயிற்றில் இறங்குகிறோம். நம்முடைய சந்தில் ஐந்து அருவிகள். முதல் அருவியில் இறங்கி, கயிற்றைக் கீழேயிருந்து உருவிக்கொண்டால் அவ்வளவுதான், திரும்பி ஏற வழி கிடையாது. மிச்சம் நான்கையும் இறங்கித்தான் வீட்டுக்குப் போக முடியும்.

நான் இந்த வேலைக்கு ஜூரோங்கிலிருந்து வந்தவன். பதினாறு வருடம் ஒரு கப்பல் பட்டறையில் கயிற்றில் தொங்கித் துரு தட்டியவன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கொக்கி, சங்கிலி, ஏணி, கயிறு என்று எதுவாக இருந்தாலும், சோதித்துப் பார்த்த ஆள் அதில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை இறுக்கிக் கட்டிவிடுவார். மூன்று மாதத்துக்கு ஒரு நிறம். அந்தக் காலாண்டின் நிறம் இருந்தால் மாட்டு, இல்லையென்றால் கை வைக்காதே. நான் சேர்ந்த முதல் வாரத்தில், பட்டை இல்லாத ஒரு கொக்கியை அவசரத்தில் மாட்டப் போனேன். பக்கத்தில் நின்ற ஒரு வெல்டர் என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, அன்றைக்குப் பிறகு பார்த்ததும் இல்லை. அந்தக் கொக்கியைத் திருப்பிப் பார்த்தால் கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. அன்றிலிருந்து பட்டை என்றால் எனக்கு உயிர்.

அந்த உயிரைத்தான் கேன்யனுக்கும் கொண்டுவந்தேன். ஒவ்வொரு அருவியின் விளிம்பிலும் பாறையைத் துளைத்து இறக்கிய இரண்டு போல்ட்டுகள் இருக்கும். நம் கயிறு அதில்தான் தொங்குகிறது, நாம் கயிற்றில் தொங்குகிறோம். ஐந்து அருவியிலும் எல்லாப் போல்ட்டுகளையும் நானே ஆட்டிப் பார்த்து, முறுக்கிப் பார்த்து, மூன்று மாதத்துக்கு ஒரு நிறத்தில் பட்டை கட்டினேன். மற்ற வழிகாட்டிகள் சிரித்தார்கள். சரளா மட்டும் சிரிக்கவில்லை, சண்டைக்கு வந்தாள்.

சரளாவை நீங்கள் பார்த்ததில்லை. குவீன்ஸ்டவுன்காரி. முன்பு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், ஏழு வருடம் எனக்கு ஜோடியாக இறங்கியவள். தண்ணீரில் நிற்பதில் அவளைப்போல் ஒருவரை நான் கண்டதில்லை. வாயும் கொஞ்சம் நீளம்.

"நானா, யார்டுல கொக்கி வச்ச எடத்துல அப்படியே இருக்கும். இங்க ஒரு மழை பெஞ்சா மறுநாள் வேற கேன்யன் லா" என்றாள்.

"அப்போ பட்டை இல்லாம நீ எத நம்பி எறங்குவே?"

"கண்ண நம்பி."

"கண்ணு ஏமாத்தும். பட்டை ஏமாத்தாது" என்றேன். பெரிய தத்துவம் சொல்லிவிட்டதாக நினைப்பு வேறு.

அந்தக் காலாண்டின் நிறம் பச்சை. கட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அந்த வாரம் நடுவில் காட்டில் கனமழை பெய்திருந்தது. எனக்குத் தெரியும். ஆனால் நாங்கள் போன சனிக்கிழமை வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. தண்ணீர் எப்படியிருக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பால் இல்லாத தேநீர், அதாவது தே ஓ நிறத்தில் இருந்தால் நல்லது. இலைச்சாறு ஊறிய நிறம் அது. பால் ஊற்றிய தே தாரிக் மாதிரி கலங்கினால் மேலே எங்கேயோ மண் சரிந்து வருகிறது, ஓட வேண்டும். அன்றைக்கு நல்ல தே ஓ. இறங்கலாம் என்றேன்.

வந்தவர்கள் ஆறு பேர். புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளைச் சாவி வாங்கியவர்களுக்காகச் சோதித்துக் கொடுக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள். அதில் விமலா என்று பிடோக்கிலிருந்து ஒரு பெண், முப்பது வயது இருக்கும். அவளுடைய வேலை என்ன தெரியுமா? நுனியில் உலோகக் குண்டு வைத்த ஒரு கம்பியால் தரை டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்பது. அடியில் காலியாக இருந்தால் சத்தம் மாறும். மாறினால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, மாற்றிக் கொடுக்கச் சொல்வார்கள். நாள் முழுக்க இதே வேலை. அது அவள் கைக்குள் புகுந்துவிட்டது. வேன் கண்ணாடியைத் தட்டினாள். காலையில் பரோட்டா சாப்பிட்ட கடையில் மேசையைத் தட்டி, "இது ஒட்டவே இல்ல" என்று கடைக்காரரிடம் புகார் சொன்னாள். பயம் வந்தால் இன்னும் அதிகமாகத் தட்டினாள். அவளுக்கு உயரம் என்றால் பயம்.

"அந்தக் கம்பிய வேன்லயே வச்சிட்டு வாம்மா. பாறைக்கெல்லாம் யாரும் வாரன்டி தர மாட்டாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டு வந்தாள். ஆனால் இடுப்பு ஹார்னஸில் நாங்கள் மாட்டிவிட்ட கொக்கியைக் கழற்றி, அதனால் தட்ட ஆரம்பித்தாள். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

முதல் இரண்டு அருவிகளும் திருவிழா. விமலா விளிம்பில் நின்று ஊரில் உள்ள சாமி பெயரெல்லாம் சொன்னாள். பாதி இறங்கியதும் அலறல் சிரிப்பாக மாறியது. கீழே குட்டையில் விழுந்து எழுந்து, "மறுபடி ஏறி எறங்கலாமா?" என்று கேட்டாள். அவர்கள் குழுவில் வேய் மிங் என்று ஒரு பெரிய உடம்புக்காரர், அவர் தண்ணீருக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு பாடவே தொடங்கிவிட்டார். இரண்டாவது அருவியின் கயிற்றை நான் உருவினேன். அது மேலேயிருந்து சரசரவென்று வந்து விழுந்தது. இனிமேல் முன்னால் போகத்தான் முடியும்.

மூன்றாவது அருவிதான் பெரியது. இருபத்தைந்து மீட்டர். சந்து அங்கே குறுகி, ஆறு முழுவதும் ஒரு வாசல் அகலத்துக்குள் நுழைந்து அப்படியே கீழே பாய்கிறது. சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரோடுகூடக் கத்தித்தான் பேச வேண்டும். அப்போது வலதுபக்கச் சுவரில் ஒரு கதவளவுப் பாறைப் பலகையில் நம் இரண்டு போல்ட்டுகளும் இருந்தன. தூரத்திலிருந்தே என் பச்சைப் பட்டைகள் தெரிந்தன. எனக்கு மனம் குளிர்ந்தது. கிட்டே போய் இரண்டையும் பிடித்து ஆட்டினேன். ஆடவில்லை. கயிற்றை மாட்டினேன்.

சரளா தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு சுவர்களுக்கும் குறுக்கே ஒரு பெரிய மரக்கட்டை சிக்கி நின்றது. அதன் ஒரு முனை பலகையில் மோதி, பாறையில் வெள்ளையாக ஒரு காயம்.

"நானா, இந்தக் கட்டை போன தடவ இல்லையே."

"மழையில வந்திருக்கு. நம்ம போல்ட்டுக்கு என்ன? ஆட்டிப் பாத்துட்டேன், கல்லு மாதிரி இருக்கு."

அவள் என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு கயிற்றில் தன்னை மாட்டிக்கொண்டு, விளிம்பில் சாய்ந்து, தண்ணீருக்குள் மறைந்துபோனாள். முதலில் ஒரு வழிகாட்டி இறங்கிக் கீழே தயாராக நிற்பதுதான் நம் வழக்கம்.

காத்திருந்த விமலாவுக்குப் பயம் திரும்ப வந்துவிட்டது. பலகையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறு கையில் இருந்த கொக்கியால் அதைத் தட்டினாள். நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். இடதுபக்கச் சுவருக்குப் போய்த் தட்டினாள். திரும்பி வந்து பலகையில் காதை வைத்துக்கொண்டே தட்டினாள்.

"நானா," என் தோளைப் பிடித்துக் கத்தினாள், "இது ஹாலோ லா!"

"டைல்ஸ் இல்லம்மா இது, பாறை."

"டைல்ஸோ பாறையோ, சத்தம் ஒண்ணுதான். நீங்களே கேளுங்க. அந்தச் சுவர் டிங்குன்னுது. இது டொப்புங்குது. பின்னாடி ஒண்ணுமே இல்ல. இது ரிஜெக்ட்!"

ரிஜெக்ட் என்ற அந்தச் சொல்லில் விளையாட்டு இல்லை. அது அவள் வேலைக்குரல். காதைப் பாறையில் வைத்தேன். டொப். அத்தனை தண்ணீர்ச் சத்தத்திலும் அது தனியாகக் கேட்டது. குனிந்து பலகையின் அடியைப் பார்த்தேன். ஆறு முழுவதும் தே ஓவாக ஓடிக்கொண்டிருக்க, பலகைக்குப் பின்னாலிருந்து மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பால் கலந்த மாதிரி தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இத்தனை காலமும் பிடித்துக்கொண்டிருந்த மண்ணை வெள்ளம் கழுவிக்கொண்டிருக்கிறது. போல்ட் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பாறைதான் சுவரிலிருந்து கழன்றுகொண்டிருந்தது. அந்தப் பாறையில் சரளா தொங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. நெஞ்சு வரை தண்ணீரில் நனைந்துகொண்டு நாக்கு வறண்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். என் கை தானாக விசிலை வாய்க்குக் கொண்டுபோனது. ஒரு ஊதல் என்றால் நில். ஊதினால் அவள் நிற்பாள். எங்கே நிற்பாள்? அருவியின் நடுவில், ஆறு முழுவதும் தலையில் விழும் இடத்தில். அங்கே யாராலும் அதிக நேரம் மூச்சு விட முடியாது. அதோடு, இறங்குகிற ஆள் சட்டென்று நின்றால் கயிறு ஒரு வெட்டு வெட்டும். அந்த வெட்டு நேராகப் பலகைக்கு வரும். சரி, ஊதாமல் அவள் இறங்கி முடிக்கட்டும் என்று விட்டால்? இருபத்தைந்து மீட்டரும் அவள் எடை பலகையில் இருக்கும். பலகை போனால் கயிற்றையும் இழுத்துக்கொண்டு அவள் தலைமீதே போகும். வேறு எங்காவது கயிற்றைக் கூடுதலாகக் கட்டிவைத்தாலும் பயனில்லை. பலகையிலிருந்து கயிற்றைக் கழற்றியே ஆக வேண்டும். அவள் அதில் தொங்கும்வரை கழற்ற முடியாது.

எட்டு மீட்டர் கீழே, வலது பக்கம், தண்ணீருக்கு வெளியே ஒரு படி இருக்கிறது. இரண்டு பாதம் வைக்கத்தான் இடம். சரளா ஒவ்வொரு தடவையும் அதில் ஏறி நின்று, கயிறு எங்கேயாவது உரசுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மீதியை இறங்குவாள். அவள் படியில் நின்றால் கயிறு தளரும். அதுவரை நான் ஊதக் கூடாது.

விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டேன். இடது கை விரல்களைக் கயிற்றின்மேல் வைத்தேன். கம்பி மாதிரி விறைப்பாக இருந்தது. இன்று அவளுக்கு அவசரமாக இருந்து, படியில் நிற்காமல் போய்விட்டால்? அந்த எண்ணத்தை மென்று விழுங்கினேன்.

வலது கை சும்மா இருக்கவில்லை. விளிம்புக்குச் சற்றுப் பின்னால், முழங்கால் அளவுத் தண்ணீரில், ஒரு பாறை வரப்பு குறுக்கே ஓடுகிறது. வேய் மிங்கையும் இன்னும் இரண்டு பேரையும் அதன் பின்னால் உட்காரச் சொல்லிக் கத்தினேன். காலை வரப்பில் உதைத்து ஊன்றச் சொன்னேன். சரளா தொங்கும் அதே கயிற்றின், பையில் மிச்சமிருந்த மறுநுனியை விமலாவிடம் எறிந்தேன். அவள் அதை மூன்று பேரின் ஹார்னஸிலும் மாட்ட, முடிச்சை எட்டிப் பிடித்து நான் சரிபார்த்தேன். அவள் ஒரு தவறும் செய்யவில்லை. ஆறு மனிதர்களைப் பத்திரமாகக் கூட்டிப்போக வந்தவன், அவர்களையே போல்ட்டாக்கிக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், வாட் ஹேப்பண்ட்?" என்றார் வேய் மிங்.

"யூ ஆர் தி ஆங்கர் நவ். டோன்ட் மூவ்."

அவர் தாடையை இறுக்கிக்கொண்டு இன்னும் ஆழமாக உட்கார்ந்தார். அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கயிறு விறைப்பாகவே இருந்தது. என் மூச்சை எண்ணினேன். ஏழு. எட்டு. ஒன்பதாவது மூச்சில் விரலுக்கடியில் கயிறு செத்தது. துவண்டது. ஊதினேன், ஒரே ஊதல், நீளமாக. கீழேயிருந்து பதிலுக்கு ஒரு ஊதல் வந்தது. நில் என்றதற்கு, நின்றுவிட்டேன் என்று பதில். என் சரளா நின்றுவிட்டாள்! போல்ட்டிலிருந்து கயிற்றைக் கழற்ற எனக்கு எத்தனை நொடி ஆனதோ தெரியாது, பச்சைப் பட்டையில் என் கட்டைவிரல் கிழிந்ததை மாலையில்தான் பார்த்தேன். தளர்வை இழுத்து, ஓடிப்போய் மூவருக்கும் முன்னால் உட்கார்ந்து, என்னையும் மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை ஊதினேன். இறங்கு.

எடை வந்தது. எங்கள் நான்கு பேரின் இடுப்பையும் ஒரே நேரத்தில் யாரோ முன்னால் இழுத்த மாதிரி வந்தது. "கேன்! கேன்! அங்கிள், கேன் ஹோல்ட்!", எங்களால் தாங்க முடியும் என்று வேய் மிங் என் காதுக்குள் கத்தினார். பின்னால் இருவரும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். விமலா பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டே அழுதாள். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை, எனக்கு உடம்பெல்லாம் ஒரு வெறி. நான்கு மனிதர்கள், ஒரு கயிறு, அதன் மறுமுனையில் ஒரு உயிர், அது பாதுகாப்பாக நகர்கிறது! ஒவ்வொரு அடியையும் இடுப்பால் உணர்ந்தோம்.

பிறகு எடை போனது. நான்கு ஊதல்கள் வந்தன. கீழே நிற்கிறேன், கயிற்றை விட்டுவிட்டேன். நாங்கள் நான்கு பேரும் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீருக்குள் சாய்ந்தோம்.

மற்றவர்களை இறக்க வேண்டுமே. கொஞ்சம் மேலே, இரண்டு சுவர்களுக்கும் நடுவில் ஒரு உருண்டைப் பாறை இறுகிச் செருகி நின்றது. நான் அதை அசைத்துப் பார்த்தேன், மேலே ஏறிக் குதித்துப் பார்த்தேன், அடியில் கையை விட்டுத் துழாவினேன். கடைசியில், "விமலா, இங்க வாம்மா. தட்டு" என்றேன்.

அவள் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். நாலு பக்கமும் தட்டினாள். "பாஸ்" என்றாள்.

அந்தப் பாறையைச் சுற்றிக் கட்டிய நீளமான நாடாவில் கயிற்றை மாட்டித்தான் எல்லோரும் இறங்கினார்கள். கடைசியாக நான். எனக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிக்க யாரும் இல்லை. பலகையைத் தொடாமல், இடது சுவரோடு ஒட்டி இறங்கினேன். கீழே குட்டையில் சரளா நின்றிருந்தாள். எதற்கு நிறுத்தினேன் என்று அதற்குள் விமலா அவளிடம் சொல்லிவிட்டிருந்தாள். மீதி இரண்டு அருவியிலும் போல்ட்டைச் சுற்றியிருந்த பாறையை ஒரு சாண் விடாமல் தட்டினோம். நல்ல வேளை, அங்கே எல்லாம் டிங்தான்.

பாலத்தில் நெரிசல். லிட்டில் இந்தியா திரும்பியபோது மாலை ஆறு மணி. ரேஸ் கோர்ஸ் சாலையில் இலை போட்டு மீன் தலைக்கறி வாங்கினேன். சரளா தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தாள்.

"திட்டிடு சரளா. தாங்கிக்குவேன்" என்றேன்.

"உங்கள மட்டும் திட்டி என்ன ஆகப் போகுது? நான் கட்டையப் பாத்தேன். கேட்டேன். நீங்க போல்ட்டுக்கு என்னன்னு சொன்னீங்க. நான் உங்க மூஞ்சியப் பாத்துட்டு எறங்கிட்டேன். நீங்க பட்டையப் பாத்தீங்க, நான் உங்களப் பாத்தேன். ரெண்டு பேருமே பாறையப் பாக்கல நானா."

வெட்கமாக இருந்தது. எனக்கு அவளைவிட வயதும் அனுபவமும் கூடுதல் என்பதாலேயே இன்னும் வெட்கமாக இருந்தது. அன்றைக்கு இரவே முதலாளியம்மாவை அழைத்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அடுத்து வர இருந்த குழுக்கள் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தார். பட்டறையிலிருந்து நான் கொண்டுவந்த வழக்கம் தவறில்லை. பட்டறையில் கொக்கி தொங்குவது இரும்பில், அந்த இரும்பு நாளைக்கும் அங்கேயே இருக்கும். நம் போல்ட் தொங்குவது ஆறு இன்னும் அறுத்துக்கொண்டிருக்கும் பாறையில். நான் கட்டிய பச்சை, கட்டிய அந்த நிமிடத்துக்கு மட்டும்தான் உண்மை பேசியது. அதை மூன்று மாதம் பேச வைத்தது என் சோம்பேறித்தனம்.

விமலாவை ஒரு நாள் அலுவலகத்துக்கு வரவழைத்தோம், வழிகாட்டிகளுக்குத் தட்டக் கற்றுக்கொடுக்க. கற்றுக்கொடுத்தாள். போகும்போது நம் கழிவறைச் சுவரில் ஏழு சிவப்பு ஸ்டிக்கர்களும் ஒட்டிவிட்டுப் போனாள். முதலாளியம்மா இன்னும் அதை மாற்றவில்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மூன்று வாரம் கழித்து நானும் சரளாவும் மட்டும் துளையிடும் இயந்திரத்தோடு போனோம், இடதுபக்கச் சுவரில் புதிய போல்ட்டுகள் போட. மூன்றாவது விளிம்பில் வலது சுவரைப் பார்த்ததும் இயந்திரத்தை இறக்கிவைத்தோம். கதவளவுக்குப் பாறை புதுசாக, வெளுத்துப்போய்த் தெரிந்தது. பலகையைக் காணோம்.

செருகிய பாறையில் கயிறு கட்டி இறங்கினோம். பலகை கீழே குட்டையில், முழங்கால் ஆழத்தில், முகம் மேலே பார்த்துக் கிடந்தது. இரண்டு போல்ட்டுகளும் அதிலேயே இருந்தன. இரண்டு பச்சைப் பட்டைகளும் இருந்தன. குனிந்து போல்ட்டைப் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை.

சரளா அதைச் சுற்றி வந்து, அதன் ஓரத்தைக் கையால் தொட்டபடி நின்றாள். "நானா, அன்னைக்கு நான் நின்னு நாலு தடவ ஊதினது இங்கதான்" என்றாள். கத்தியை எடுத்துப் பட்டையை வெட்டப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதீங்க. கெடக்கட்டும். பின்னாடி வர்றவங்க பாக்கட்டும்."

சரளா இப்போது வேறு நாட்டில், வேறு மலைகளில், இதே வேலையைச் செய்கிறாள். அந்தப் பலகை இங்கேயேதான் இருக்கிறது. சனிக்கிழமை மூன்றாவது குட்டையில் இறங்கியதும் வலது பக்கம் பாருங்கள். வெயில் பட்டுப் பட்டை கொஞ்சம் வெளுத்திருக்கும், ஆனால் பச்சை என்று தெரியும். போல்ட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அசையாது. அதைச் சோதித்துக் கட்டியவன் நான். ஒரு நிமிடம் அங்கே நில்லுங்கள். பிறகு எல்லோரையும் கூட்டிக்கொண்டு நாலாவது அருவிக்குப் போங்கள். ஐந்திலும் அதுதான் அழகு.